செங்கல் எண்ணும் பாடம்

பனிக்கரடியைப் பார்த்து நம் பிள்ளைகள் 'உச்' கொட்டத்தான் செய்தார்கள். அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஜன்னல் வழியே தெரிகிற அந்த அரசு நடுநிலைப் பள்ளிக்குப் பருவநிலை மாற்றப் பாடம் நடத்துவதற்காக ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்து இறங்கியிருந்தன. வழவழப்பான தாள், பளபளவென்று படங்கள். உருகுகிற பனிப்பாறை மேல் ஒற்றைக் கரடி நிற்கிறது. அடுத்த பக்கத்தில் ஓர் அப்பா காரை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஆபீஸ் போகிறார். அதற்கும் அடுத்த பக்கத்தில் ஓர் அம்மா ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் ரமாபாய் வாசித்து முடித்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

“டீச்சர், எங்க ஊட்ல ஏசியே இல்ல. நாங்க இன்னாத்த நிறுத்தறது?”

“ஜன்னலத் தொறந்தா சாம்பலு வந்து சோத்துல உழுது டீச்சர்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

வகுப்பு மொத்தமும் சிரித்தது. ரமாபாயும் சேர்ந்து சிரித்துவிட்டாள். சிரித்தாளே தவிர, சாயங்காலம் டோல்கேட் பஸ்ஸில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் புயல் வந்து இந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரோடு எண்ணெயும் வந்து சுவரெல்லாம் கறுத்தது. இவர்களுக்குப் பருவநிலையைப் பற்றிச் சொல்ல வடதுருவத்திலிருந்து ஒரு கரடி வர வேண்டுமாக்கும்!

ரமாபாய்க்குக் கோபம் வந்தால் சும்மா உட்கார மாட்டாள். அது பிறவிக் குணம். வியாசர்பாடி எம்.கே.பி. நகர்ப் பெண். அப்பா பரசுராமன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அம்பேத்கரின் துணைவியார் பெயரை மகளுக்கு வைத்து, “இந்தப் பேர வச்சிகினு படிக்காம இருந்தா ஊருக்குள்ள நான் தலைநிமிந்து நடக்க முடியாது, பாத்துக்க” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், “இந்த மெட்ராஸ் பாஷையை வைத்துக்கொண்டு நீ பாடம் நடத்தினால் விளங்கின மாதிரிதான்” என்று ஒரு விரிவுரையாளர் எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தார். அவள் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு நேராக அவரிடம் போய், “வெளங்கிச்சா சார்?” என்று கேட்டுவிட்டு வந்தாள். அப்படிப்பட்டவள்.

அந்தச் சமயம் பார்த்து ஓர் அறிவிப்பு வந்தது. குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற ஓர் அமைப்பு, வகுப்பில் பருவநிலை மாற்றத்தைக் கற்றுத்தர ஆசிரியர்களே புத்தகம் செய்து அனுப்பலாம் என்று அழைத்திருந்தது. தேர்வாகும் புத்தகத்தை அச்சடித்து வடசென்னையின் எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்புக்குக் கொடுப்பார்களாம். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ரமாபாய்க்கு அது போதும்.

வகுப்பைக் கூட்டி வைத்துக் கேட்டாள்: “உங்க ஊட்ல தண்ணி எம்மாம் ஒசரம் நின்னுச்சு? கேட்டுகினு வாங்க.”

மறுநாள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பதிலோடு வந்தார்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே பதில்தான்: கழுத்தளவு.

இங்கேதான் நம்ம ரமாபாய் கோட்டை விட்டாள். அவசரத்தில் யோசிக்கவில்லை. சார்ட் அட்டைகளை மடிப்பு மடிப்பாக ஒட்டி, ஆளுயரத்துக்கு விரிகிற ஒரு புத்தகம் செய்தாள். அதில் வீட்டுக்கு ஒரு நீல ரிப்பன், பக்கத்தில் பிள்ளையின் பெயரும் முகவரியும். எல்லா ரிப்பனும் கழுத்து உயரம். 'எங்க ஊட்டுத் தண்ணி' என்று பெரிதாகத் தலைப்பு. பிள்ளைகள் விரித்துப் பிடித்து, அதன் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

புத்தகம் முதல் சுற்றில் தேறியது. அப்புறம் வந்தது ஒரு கடிதம். புத்தகங்களைச் சரிபார்ப்பவர் கமாலுதீன், புவியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பு மையில் நாலே வரி எழுதியிருந்தார்: “முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டுக் கழுத்து. இதில் தஹ்சீன் என்ற மாணவியின் வீடு மூன்றாவது மாடி. தண்ணீர் படியேறிப் போனதா? பத்து நாளில் நேரில் வருகிறேன். தகவல் உண்மையில்லை என்றால் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம்.”

தலைமை ஆசிரியை தேவகிருபை திருநெல்வேலிப் பக்கம். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிறவர். “விட்டுருங்கம்மா ரமா. அவ்வளவு பெரிய மனுஷர் வந்து பிள்ளைகளை வச்சுக்கிட்டு ஒரு சொல் சொல்லிட்டாருன்னா? நாமளே வாபஸ் வாங்கிருவோமே,” என்றார்.

ரமாபாய்க்கு முகம் செத்துப்போனது. புத்தகம் போனால் போகட்டும். வடசென்னைப் பிள்ளைகள் தங்கள் வெள்ளத்தைப் பற்றியே பொய் சொன்னார்கள் என்று ஒரு காகிதத்தில் பதிவாகிவிடுமே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. “வரட்டும் டீச்சர். பத்து நாள் கீதுல்ல,” என்றாள்.

அன்றைக்கே பள்ளி விட்டதும் பூவம்மா வீட்டுக்குப் போனாள். பூவம்மா முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். அவள் மகளும் ரமாபாய் வகுப்புதான். வாசலில் நின்றபடியே ரமாபாய் கேட்டாள், “யக்கா, மெய்யாலும் கழுத்தளவா நின்னுச்சு?”

பூவம்மா கலகலவென்று சிரித்தாள். “நீ வேற டீச்சர்! கழுத்தளவுன்னா நான் இப்ப உன்னாண்ட பேசிகினு இருப்பனா? கையில பேப்பரு வச்சிகினு யார் வந்தாலும் கழுத்துன்னுதான் சொல்லணும். ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல, மொத வெள்ளத்துல, முட்டிக்குக் கீழன்னு உண்மையச் சொன்னேன். கணக்கெடுக்க வந்த ஆளு, 'அவ்ளோதானா?'ன்னுட்டு எழுதாமலே பூட்டான். அடுத்த ஊட்டுக்காரி கழுத்துன்னா, அவ பேர எழுதிகினான். அதுலேர்ந்து இந்த லைன்ல எல்லாருக்கும் கழுத்துதான். புள்ள நோட்டோட வந்து கேட்டுச்சு, பழக்கதோஷம், சொல்லிட்டோம்.”

ரமாபாய் வாசற்படியில் அப்படியே குந்திவிட்டாள். அவளுக்குத் தெரியாததா இது? எம்.கே.பி. நகரில் அவள் அப்பாவே அப்படிச் சொன்னவர்தானே. சொன்னவர்கள் மேல் கோபம் வரவில்லை. முட்டிகூட எட்டாத தண்ணீரில் அரிசியும் பாயும் புத்தகப் பையும் போனதை எழுதத் தகாத சங்கதியாக நினைத்தானே அந்தக் கணக்கெடுத்த ஆள், அவன் மேல்தான் வந்தது.

“இப்ப இன்னா பண்றது யக்கா? உண்மையில எம்மாம் ஒசரம்னு எப்டிக் காட்டறது? பொங்கலுக்கு எல்லாரும் செவுத்துக்கு வெள்ளையடிச்சிட்டீங்க. கறையும் பூடுச்சு.”

“செவுரு போனா போவுது. உள்ள வா,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் பூவம்மா.

உள்ளே பிரிட்ஜ் உத்தரத்தை முட்டுகிற மாதிரி நின்றது. கீழே செங்கல் அடுக்கு. அடியில் நாலு வரிசை, பெயிண்ட் ஏறிப் பழசாகிப் போனவை. அதற்கு மேல் மூன்று வரிசை, இன்னும் சிவப்பு மாறாத புதுசு.

“அடியில இருக்கறது மொத வெள்ளத்துக்கு அப்பால வச்சது. மூணு கல்லு ஒசரம் தண்ணி நின்னுச்சு, ஒண்ணு சேத்து நாலு வச்சோம். இந்தப் புயல்ல அதுக்கும் மேல ஏறி மோட்டாரு பூடுச்சு. ரிப்பேர் பாத்துட்டு ஏழாக்கிட்டோம். நின்ன தண்ணிக்கு மேல ஒரு கல்லு, அதான் எங்க கணக்கு. ஆபீசராண்ட இன்னா வேணா சொல்லுவோம் டீச்சர். பிரிட்ஜாண்ட பொய் சொன்னா அது கெட்டுப் பூடும்ல?”

ரமாபாய் பூவம்மாவைக் கட்டிக்கொண்டாள். சத்தியமாகக் கட்டிக்கொண்டாள், இறால் வாடையோடு.

மறுநாளிலிருந்து வகுப்பு தெருவில் நடந்தது. பிள்ளைகள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் பிரிட்ஜ், பீரோ, கட்டில் என்று எது கண்ணில் பட்டாலும் குனிந்து பார்த்தார்கள். பழைய கல் எத்தனை, புதுக் கல் எத்தனை என்று எழுதினார்கள். சில வீடுகளில் செங்கல் இல்லை. துறைமுகத்தில் சரக்கு அடுக்குகிற மரப்பலகை இருந்தது. அதையும் அளந்தார்கள். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. இன்னொரு வீட்டில் எல்லோருக்கும் ரஸ்னா கிடைத்தது. திரும்பி வந்ததும் ரமாபாய் கரும்பலகையில் கடலை வரைந்தாள்.

“கடலு சூடானா மேகம் முன்னயவிட ஜாஸ்தி தண்ணி குடிக்கும். குடிச்சத ஒரே நாள்ல கொட்டும். கடல் மட்டமும் ஒசந்துகினே போவுது. அது ரொம்பி நின்னா கொசஸ்தலை ஆத்துத் தண்ணிய உள்ள வுடாது. முகத்துவாரத்துல சாம்பலு வேற அடைச்சிகினு கீது. அப்ப தண்ணி எங்க போவும்?”

“எங்க ஊட்டுக்கு!” என்று கத்தியது வகுப்பு.

“அதான் இந்தப் பாடம். பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் நடுவுல இன்னா ஆச்சுன்னு சொல்ற பாடம்.”

நீல ரிப்பன்களைப் பிய்த்துப் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் செங்கல்லை வரைந்தார்கள், பழையது பழுப்பில், புதியது சிவப்பில். தஹ்சீன் மட்டும் இரண்டு நாளாக எதுவும் வரையாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாடியில் எந்தக் கல்லை எண்ணுவது? “உங்க ஊட்ல இன்னா நடந்துச்சோ அத எழுது. அது போதும்,” என்று சொல்லிவிட்டு ரமாபாய் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. எழுதியதைத் தஹ்சீன் யாருக்கும் காட்டவுமில்லை, மடித்துத் தானே ஒட்டிவிட்டாள்.

பத்தாம் நாள் காலை கமாலுதீன் வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் கோப்பு. வகுப்பின் பின்சுவரோரம் பூவம்மாவும் இன்னும் நாலைந்து அம்மாக்களும் வந்து நின்றுகொண்டார்கள், யாரும் அழைக்காமலே. தேவகிருபை டீச்சர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப் பிடித்தார்கள்.

பேராசிரியர் ஒவ்வொரு மடிப்பாக நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார், “செங்கல் வெள்ளத்துக்காகத்தான் வைத்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எலிக்காகக்கூட வைத்திருக்கலாமே?”

“எலிக்கு ரெண்டு போதும் சார்,” என்றாள் பூவம்மா மகள், யோசிக்கக்கூட இல்லை.

பின்சுவரோரம் ஒரே சிரிப்பு. கமாலுதீன் சிரிக்கவில்லை, ஆனால் குறித்துக்கொண்டார். “முதலில் எல்லோரும் கழுத்து என்றீர்களே?”

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். ரமாபாய் பதில் சொல்வதற்குள் பூவம்மா முன்னால் வந்துவிட்டாள். “அது எங்க தப்பு சார், புள்ளைங்க தப்பு இல்ல. எங்க ஊட்ல ஆறு கல்லுதான் நின்னுச்சு. எழுதிக்கோங்க.”

பேராசிரியர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஆறு என்று எழுதிக்கொண்டார். கடைசியாக, “தஹ்சீன் யார்?” என்று கேட்டார்.

தஹ்சீன் எழுந்து வந்து, தான் ஒட்டிய பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். “எங்க ஊடு மூணாவது மாடி. எங்க ஊட்டுக்குத் தண்ணி வரல. கீழ் ஊட்டுலேர்ந்து பதினாலு பேர் வந்தாங்க. அஞ்சு நாள் இருந்தாங்க. பாய் பத்தல, பாதிப் பேர் குந்திகினே தூங்கினாங்க. எங்க பிரிட்ஜுக்குக் கீழ கல்லு இல்ல. ஆனா இப்ப எங்க ஊட்ல பதினெட்டுப் பாய் கீது.”

“உங்கள் வீட்டில் எத்தனை பேர் அம்மா?”

“நாலு பேரு சார்.”

“நாலு பேருக்குப் பதினெட்டுப் பாய் எதுக்கு?”

இது கூடத் தெரியாதா என்பது போல் அவரைப் பார்த்தாள் தஹ்சீன். “அடுத்த தபா தண்ணி வந்தா, அவங்க எங்க சார் படுப்பாங்க?”

பின்சுவரோரம் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமாலுதீன் கோப்பைத் திறந்து, தான் சிவப்பு மையில் எழுதிய நாலு வரியையும் தானே குறுக்கே அடித்தார். கீழே, “அப்படியே அச்சிடலாம். ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேவகிருபை டீச்சரிடம் நீட்டினார். பிறகு தஹ்சீனின் தலையில் கையை வைத்தபடி ரமாபாயிடம் திரும்பி, “யார் வீட்டுப் பெண் அம்மா இவள்?” என்று கேட்டார்.

அப்பா பேரைச் சொல்லியிருக்கலாம், பிளாக் நம்பரைச் சொல்லியிருக்கலாம். ரமாபாய் பூவம்மாவைப் பார்த்தாள், அம்மாக்களைப் பார்த்தாள், முப்பத்தெட்டு முகங்களையும் பார்த்தாள்.

“நம்ம பொண்ணு சார்,” என்றாள்.