பதில் வராவிட்டால் வானம் சுத்தம்

"இது நிக்காது. இன்னொரு தடவை அடிங்க" என்று சொல்லி, புதிதாக வந்த கணவன் மனைவியின் கூடார முளையை இரண்டு விரலால் பிடுங்கி அவர்கள் கையிலேயே கொடுக்கிறார் மேல்முகாம்காரர். கணவர் அரைமணி நேரம் கல்லால் தட்டித் தட்டி இறக்கிய முளை அது. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறாள். முகாம்காரர் அடுத்த முளைக்குப் போகிறார். அதுவும் கையோடு வருகிறது. "நேரா அடிச்சா காத்து அலுங்காம உருவிக்கிட்டுப் போயிடும். சாய்ச்சு அடிக்கணும். கூடாரம் அந்தப் பக்கம் இழுக்குதா, முளை இந்தப் பக்கம் சாய்ஞ்சு நிக்கணும். வீட்டுக்காரர்கிட்ட கோவிச்சுக்கிட்ட மாதிரி." இப்போது கணவரும் சிரித்துவிடுகிறார். முகாம்காரர் சிரிப்பதில்லை. அவர் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

மலையேறிகள் நடக்கும் பாதை இரண்டு குன்றுகளுக்கு நடுவே நுழைகிற இடத்தில் இருக்கிறது அவருடைய முகாம். பன்னிரண்டு கூடாரங்களுக்கு இடம், ஒரு குழாய், இரண்டு கழிவறைகள், புயல் வந்தால் ஒதுங்க ஒரு கல்கட்டடம். இதில்தான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய பிழைப்பு. வருடத்தில் நான்கு மாதம் புயல் பருவம். காலையில் வெயில் பல்லை இளிக்கும். மதியத்துக்கு மேல் எங்கிருந்தோ கருமேகம் ஏறி, காற்று, இடி, ஆலங்கட்டி என்று எல்லாம் சேர்ந்து வந்து ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும். புத்தியுள்ளவர்கள் அந்த மாதங்களில் வருவதில்லை. மற்றவர்கள் வருகிறார்கள், அவர்களைக் கட்டி மேய்ப்பதுதான் இவர் வேலை.

வந்தவர்கள் பையை இறக்கிவைத்த உடனே இடியைப் பற்றி ஒரு பாடம் நடத்துவார். அதற்குத் தப்பியவர் யாரும் இல்லை. "ஒத்த மரத்துக்குக் கீழ நிக்காதீங்க. படுக்காதீங்க. குட்டைச் செடிங்களுக்கு நடுவுல பள்ளமாப் பார்த்து, பையைக் கீழ போட்டு, அது மேல குந்துங்க. ரெண்டு காலும் ஒட்டி இருக்கணும். காதைப் பொத்திக்குங்க. தலை முட்டிக்கு நடுவுல." சொல்வதோடு விடமாட்டார், ஐம்பத்தாறு வயதில் தானே குந்திக் காட்டுவார். எதிரே நிற்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். சிலர் அந்தக் கோலத்தில் அவரைப் படம் எடுத்துக்கொண்டு போவதும் உண்டு.

இந்த மனிதருக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரு மணி நேர இறக்கத்தில், ஓடைக்கரையில் இருக்கிற கீழ்முகாம் ஆறு வருடமாக அவர் பொறுப்பில் இருக்கிறது. அந்த வேலை காலியாக இருக்கிறது என்று துப்புச் சொன்னதே மேல்முகாம்காரர்தான். "என் வாயை நானே தைச்சிருக்கணும்" என்று இப்போது சொல்கிறார்.

சகலையிடம் குறை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. சகலை மவுத் ஆர்கன் வாசிப்பார். வந்தவர்களின் பெயரை ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த வருடமும் சொல்வார். முளையை ஆட்டிப் பார்ப்பார்தான், ஆனால் பிடுங்கிக் கையில் கொடுக்கமாட்டார், "சூப்பரா அடிச்சிருக்கீங்க, நான் கொஞ்சம் சாய்ச்சு விடட்டுமா?" என்று கேட்பார். மாதம் ஒருமுறை கீழே போகிறபோது மேல்முகாம்காரர் அங்குள்ள பார்வையாளர் நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்ப்பார். பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். 'எங்கள் வீட்டில் இருந்தது போலவே இருந்தது.' 'அண்ணனைப் பிரிய மனமில்லை.' ஒரு குழந்தை சகலையின் படத்தை வரைந்து அதைச் சுற்றிப் பூ போட்டிருந்தது. மேல்முகாம் நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது ஒரே வரி: 'கழிவறை சுத்தம்.'

"சுத்தம்னு எழுதுறதும் பாராட்டுதானே?" என்று மனைவி ஆறுதல் சொல்லப் பார்த்தாள்.

"உன் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பூ போட்டிருக்கு. எனக்குக் கழிவறை."

அவள் சோற்றைப் பரிமாறினாள். மேலே பேசினால் சாப்பிடாமல் எழுந்துபோவார் என்று தெரியும்.

இரண்டு முகாம்களுக்கும் நடுவே ஒரு வாக்கிடாக்கி உண்டு. கீழ்முகாம் பள்ளத்தில் இருப்பதால் அங்கிருந்து மேற்கு வானம் தெரியாது. புயல் மேற்கிலிருந்துதான் வரும். அதனால் கீழே இருந்து யாராவது மேலே ஏறுவதாக இருந்தால் சகலை கூப்பிட்டு வானம் எப்படி என்று கேட்பார். இந்த ஏற்பாட்டுக்கு மேல்முகாம்காரர் முதல் வருடமே ஒரு விதி போட்டார். "மேகம் இருந்தா சொல்லுவேன். இல்லேன்னா வாயைத் திறக்கமாட்டேன். பதில் வரலேன்னா வானம் சுத்தம்னு வச்சுக்குங்க." பேட்டரி மிச்சம் என்பது அவர் சொன்ன காரணம். சகலையோடு கொஞ்சமாகப் பேசினால் போதும் என்பது சொல்லாத காரணம். ஆறு வருடம் அந்த விதி ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

இந்த வருடம் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஒன்பது வருடமாகப் புயல் பருவத்தில்தான் வருவார். மேகத்தைப் பார்க்கவே வருகிறேன் என்பார். மேல்முகாமில் நாலாம் எண் இடம் அவருடையது. இடி பாடத்தைக் கொட்டாவி விடாமல் முழுக்கக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். கேட்பதோடு சந்தேகமும் கேட்பார். "மரம் உயரமா, மேடு உயரமான்னு எப்படிங்க முடிவு பண்றது?" என்று அவர் ஒரு கேள்வி போட்டால் முகாம்காரருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. டீச்சர் வருகிற வாரம் நாலாம் இடத்தில் கல் பொறுக்கி, தரையைத் தட்டிச் சமமாக்கி, வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்.

இந்த வருடமும் அப்படியே வைத்திருந்தார். டீச்சர் கீழ்முகாமில் கூடாரம் போட்டுவிட்டார்.

செய்தியைச் சொன்னது சகலைதான், வாக்கிடாக்கியில், உற்சாகமாக. "உங்க டீச்சர் நம்மகிட்டதான் இருக்காங்க சகலை!" அந்த 'நம்மகிட்ட' இவருக்கு மிளகாயாக எரிந்தது. மூன்று நாள் நாலாம் இடத்தைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சகலை ஏதோ சாமான் விஷயமாகக் கூப்பிட்டார். பின்னணியில் மவுத் ஆர்கனை யாரோ தப்பும் தவறுமாக ஊதுகிற சத்தம், அதைத் தொடர்ந்து டீச்சரின் சிரிப்பு. ஒன்பது வருடத்தில் மேல்முகாமில் டீச்சர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. முகாம்காரர் வாக்கிடாக்கியை அமர்த்தி மேசை இழுப்பறையில் போட்டு, இழுப்பறையையும் சாத்தினார்.

ஒரு மணிக்கு மேற்கே கறுத்தது. பார்த்த உடனே கீழே சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை இழுப்பறை வரை போனதும் உண்மை. 'அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, தெரிஞ்சுக்கட்டும்' என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டார். தன் முகாமில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விரட்டிக் கல்கட்டடத்துக்குள் சேர்த்தார். பதினொரு பேர். காற்று ஊளையிட ஆரம்பித்தபோதுதான் நெஞ்சு உறுத்தியது. வாக்கிடாக்கியை எடுத்து ஆன் செய்தார்.

"சகலை! சகலை! டீச்சர் வந்துட்டாங்களா?" சகலையின் குரல் கிழிந்து வந்தது.

"எங்க?"

"உங்களைப் பார்க்க. பன்னெண்டே காலுக்குக் கூப்பிட்டு அனுப்பலாமான்னு கேட்டேனே! நீங்க பேசல. வானம் சுத்தம்னு அனுப்பிட்டேன். மெதுவாத்தான் ஏறுவாங்க... வரலையா?"

"வரலை" என்றார் முகாம்காரர்.

இடி நின்று அரைமணி நேரம் ஆகும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று கல்கட்டடத்தின் கதவில் எழுதி ஒட்டியவர் அவர். அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். எலுமிச்சம்பழப் பருமனுக்கு ஆலங்கட்டி விழுந்தது. தொப்பி முதல் வளைவிலேயே பறந்தது. பாதையில் தண்ணீர் முழங்கால் வரை ஓடியது. 'நான்தான், நான்தான்' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். இரண்டாவது வளைவில் ஒரு பெரிய ஒற்றை மரம் உண்டு. மழைக்கு யாரும் அதன் கீழ்தான் ஒதுங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த வளைவைத் திரும்பினார், பிறகு திறந்தார்.

மரத்தின் கீழ் யாரும் இல்லை. முப்பது அடி தள்ளி, குட்டைச் செடிகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில், பையின் மேல், காலை ஒட்டிவைத்துக் காதைப் பொத்தித் தலையை முட்டிக்குள் புதைத்துக் குந்தியிருந்தது ஓர் உருவம். ஆளுக்கு இரண்டு மடங்கு பெரிய நீல மழைக்கோட்டு. சகலையின் கோட்டு. அந்த நேரத்திலும் அந்தக் கோட்டைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. இதை அவரே ஒப்புக்கொள்கிறார், தலையைக் குனிந்துகொண்டு.

பக்கத்தில் போய் அவரும் அதேபோலக் குந்தினார். டீச்சர் தலையைத் தூக்கினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஒன்பது வருஷப் பாடத்துக்கு இன்னிக்குத்தான் பரீட்சை" என்றார்.

"கீழ ஏன் தங்கினீங்க?" என்று கேட்டார் முகாம்காரர். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

"இடி விழுற நேரத்துல கேட்கிற கேள்வியாங்க இது?" என்றார் டீச்சர். "முட்டி போச்சு. இனிமே ஏறாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களைப் பார்க்காமப் போக மனசு கேட்கல. அதான் ஒரு தடவை, மெதுவா..."

அடுத்த இடிக்கு இருவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

காற்று கொஞ்சம் தணிந்ததும் டீச்சரைத் தோளில் தாங்கிக் கல்கட்டடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். போர்வை, வெந்நீர் என்று உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் செய்தார்கள். வாக்கிடாக்கியில் கீழே கூப்பிட்டு, "டீச்சர் உள்ள. பன்னெண்டு பேர்" என்றார். பதில் சொன்னது சகலை இல்லை. கீழ்முகாமில் தங்கியிருந்த ஒரு நர்ஸம்மா. "அவர் அப்பவே எங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டு மேல ஓடிட்டாருங்க. ரேடியோவைக்கூட எங்ககிட்டயே விட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள்.

முகாம்காரர் மறுபடி கதவுப் பக்கம் திரும்புவதற்குள் கதவு திறந்தது. ஒரு மணி நேர ஏற்றத்தைச் சகலை அந்தப் புயலில் நாற்பது நிமிடத்தில் ஏறியிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. நெற்றியில் ஆலங்கட்டி அடித்து வீங்கியிருந்தது. போர்வைக்குள் இருந்த டீச்சரைப் பார்த்தார். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, கூட்டத்தின் முன்னால் வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதார். அழுவதில்கூட இவர் நம்மை முந்திக்கொண்டாரே என்று முகாம்காரருக்குத் தோன்றியது.

கூடார முளைப் பாடம் கேட்ட கணவர்தான் ஆரம்பித்தார். "ஏங்க, ரேடியோ வச்சிருக்கீங்க. கீழ இருந்து கேட்டிருக்காங்க. நீங்க ஏன் பதில் சொல்லல?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார்.

சகலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தினார். "பேட்டரி இறங்கியிருக்குங்க. இந்த ஈரத்துல அடிக்கடி ஆகும். எனக்கும் போன வாரம் அப்படித்தான். சகலை மேல தப்பே இல்ல."

சும்மா தலையாட்டினால் போதும். எல்லோரும் நம்பிவிடுவார்கள். கணவர் ஏற்கெனவே பாதி நம்பிவிட்டார். முகாம்காரருக்குச் சகலையின் மேல் அன்று வந்த பொறாமை அதற்கு முன் ஆறு வருடத்தில் வந்ததில்லை. நோட்டில் பூ வாங்கட்டும், சிரிக்கவைக்கட்டும். இதையும் இவ்வளவு சுளுவாக, யோசிக்காமல், நனைந்துபோய்த் தரையில் உட்கார்ந்தபடியே செய்கிறாரே மனிதர்!

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றார். "நான்தான் அமத்தி வச்சேன். டீச்சர் கீழ சிரிச்சது கேட்டுச்சு. எனக்குப் பொறுக்கல."

டீச்சர் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். சகலை என்ன செய்வதென்று தெரியாமல் தன் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

முகாம்காரர் அலமாரியைத் திறந்து காய்ந்த துண்டை எடுத்தார். சகலையின் எதிரே முழங்காலிட்டு, "குனி" என்றார். அவரை நீ என்று அதுவரை சொன்னதில்லை. சகலை குனிந்தார். முகாம்காரர் அவர் தலையைத் துவட்டத் தொடங்கினார், தேவைக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே.

"காது, சகலை, காது" என்றார் சகலை.

முகாம்காரர் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, காதுக்குப் பின்னாலும் துடைத்துவிட்டார்.