ஐந்தாவது சேர்வரில் ஜெசிந்தாவின் பெயர்

செய்தி வந்தபோது நான் ஊர்காவற்றுறை இறங்குதுறையில், காரைநகர்ப் படகில் ஒரு காலை வைத்திருந்தேன். "அக்கா எங்களை விட்டுப் போட்டா, அண்ணை" என்றான் தொலைபேசியில் ஜெசிந்தாவின் தம்பி. மற்றக் காலை எடுத்து வைக்க மனம் வரவில்லை. கடைக்குத் திரும்பினேன். கதிரையில் இருந்தேன், எழும்பினேன், வாசலுக்குப் போனேன், மறுபடி வந்து இருந்தேன். அடக்கம் முடிந்தும் அப்படித்தான். இருப்புக்கொள்ளவில்லை.

ஜெசிந்தாவை அறிந்த உங்களுக்கு என் இன்ரநெற் கடையையும் தெரியும். சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் தீவுப்பகுதிக்கு இணையத்தைக் கொண்டுவந்தவன் நானே. மறுப்பவர்கள் நேரில் வரலாம். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச் என்று நம் ஊர்ச் சங்கங்கள் நடத்திய ஐந்து இணையத்தளங்களின் ஐந்து சேர்வர்களையும் இங்கிருந்தே பராமரிக்கும் பொறுப்பைப் பிடித்து வந்தவனும் நானே. கொழும்பில் கணினி வேலை பார்த்துத் திரும்பிய ஜெசிந்தாவை அதற்காகச் சேர்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற நான் நேர்முகத்தில் கேட்ட கேள்விகளில் அவருக்கு வியர்த்துப்போனது.

அப்போது ஐந்துக்கும் கடவுச்சொல் ஒன்றுதான்: எங்கள் கோயில் மாதாவின் பெயர். சங்கத்தவர் எல்லோருக்கும் தெரியும். அவர்களின் மச்சான்மாருக்கும் தெரியும்.

"அண்ணை, இது பாஸ்வேர்ட்டோ, பூசையில வாசிக்கிற அறிவித்தலோ?" என்றார் ஜெசிந்தா.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பாரிஸில் கோபித்து விலகிய பழைய செயலாளர் உள்ளே புகுந்து, புதியவரின் படத்தைத் தூக்கிவிட்டுத் தன் கலியாணப் படத்தைப் போட்டார். பாதி ஐரோப்பா அதைப் பார்த்தது.

அன்றே ஜெசிந்தா கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்தார். இனி கடையில் வேலைசெய்யும் எங்களுக்கு மட்டும், ஆளுக்கொரு திறப்பு, பூட்டுக்குச் சாவிபோல. கணினியில் உண்டாக்கும் அந்தத் திறப்புக்கு இரண்டு பாகம். ஒன்று நம்மோடு இருக்கும், எவருக்கும் காட்டக்கூடாது. மற்றது சேர்வரில் நம் பெயரோடு ஒரு வரியாக இருக்கும். அந்த வரியை அழித்தால் அந்த ஆளுக்கு வழியில்லை. "திறப்பு ஆளுக்குத்தான் அண்ணை, ஊருக்கில்லை" என்பார்.

கடையில் வேலைசெய்த றொபேட் கனடாவுக்குப் போன அன்று, ஐந்திலும் அவன் வரியை அழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, அவன் இன்னும் பிளேன் ஏறேல்லை. அதுக்கிடையில பேரை அழிச்சுப்போட்டீர்?"

"போறான்தானே அண்ணை."

இடம்பெயர்ந்தவர்கள் என்னிடம் தந்துவிட்டுப் போன வீட்டுத் திறப்புகள் என் அலுமாரியில் ஒரு கொத்தாகக் கிடக்கின்றன. எடுத்துக் காட்டினேன். "திரும்பி வருவினம் எண்டுதான் தந்திட்டுப் போனவை. ஒண்டையும் நான் எறியேல்லை."

"அதில பாதி வீட்டுக்குக் கதவே இல்லை" என்று சிரித்தார். "றொபேட் வந்தால் புதுசாய்க் குடுப்பம். போன ஆளின்ரை திறப்பு வேலை செய்துகொண்டிருந்தால், ஆர் உள்ளுக்கு வந்தது எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

நோய் முற்றி யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். பெரிய டொக்டர் என்னை அடையாளம் கண்டு கதிரை போட்டார். ஜெசிந்தா பேசியது சேர்வரைப் பற்றி மட்டும்தான்.

"இங்க வரமுதல் நாலு சேர்வரில என்ரை பேரை எடுத்திட்டன். லண்டன் மிஞ்சிப்போச்சு. அந்த நேரம் இன்ரநெற் லைன் விழுந்திட்டுது. நீங்கள் எடுத்துவிடுங்கோ."

"எழும்பி வந்து நீரே எடும்."

"விளையாடாதேங்கோ அண்ணை."

அடக்கத்துக்குப் பிறகு நான் லண்டனைத் திறக்கவில்லை. மற்ற நான்கையும் திறந்தேன். எதிலாவது அவர் பெயரை மறந்து விட்டிருப்பார் என்று தேடினேன். இருந்தால் லண்டனில் அழித்துவிட்டு அதை வைத்துக்கொள்ளலாமே. பாரிஸில் இல்லை, சூரிச்சில் இல்லை. நான்கிலும் துப்புரவாகத் துடைத்துவிட்டிருந்தார்.

இன்று காலை லண்டனைத் திறந்தேன். இரண்டு வரிகள். ஒன்றின் கடைசியில் என் பெயர், மற்றதில் ஜெசிந்தா. கடையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து அவர் வரியை அழித்தேன்.

எல்லாவற்றிலும் என் பெயர் முன்னால் நிற்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். இப்போது ஐந்து சேர்வர்களிலும் அது தனியாக நிற்கிறது. ஜெசிந்தா எனக்கு விட்டுப்போனது அதுதான். அதை வைத்திருக்கிறேன்; அதன் முன்னால் கதிரையில் இருக்கத்தான் முடியவில்லை.