பேனா வராது, மேடம்!

மேலே இருக்கிற பூனைப் படத்துக்கும் இந்த வாரப் பத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு உடனே கடிதம் போட்டுவிடாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் எனக்குப் பெரிய கண்டம். இந்தப் பத்தியில் எழுத்தும் நான்தான், படமும் நான்தான். உண்மையைச் சொன்னால், படம் போடுகிற ஆசையில்தான் எழுதவே ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை ஆசிரியர் போனில் வந்தார்.

"புதன்கிழமைக்குள்ள படம் வரலைன்னா சொல்லிடுங்க சார். சென்னையில ஒருத்தர் நல்லா வரையறார். இனிமே அவரே போடட்டும்."

இனிமே! அந்த ஒரு வார்த்தையில் என் படத்துக்கு நிரந்தர விடுமுறை.

படம் தாமதமானதற்குக் காரணம், என் புதுப் பேனா. கம்ப்யூட்டரில் வரைவதற்கென்று ஒரு பலகை வாங்கியிருந்தேன். டேப்லெட் என்கிறார்கள். பார்த்தால் சிலேட்டு. அதன் மேல் பேனாவை ஓட்டினால் கோடு திரையில் விழும். பேனாவுக்கு மை கிடையாது, பேட்டரி கிடையாது, வயரும் கிடையாது. இரண்டு நாள் சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாம் நாள் நான் மூக்கு வரைந்தால் கோடு காதுக்குப் போனது. பிறகு எங்கேயுமே போகவில்லை.

ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். பெங்களூரிலிருந்து ஷீஜா என்றொரு பெண் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நான் கொச்சியில் மட்டாஞ்சேரி என்றதும் இங்கிலீஷ் பறந்துவிட்டது.

"ஐயோ, மட்டாஞ்சேரியோ! என்ட வீடு பக்கத்துல வைப்பின்ல, சார்!"

அதற்கப்புறம் பாதி தமிழ், பாதி மலையாளம். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னாள் — போட்டேன். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னாள் — ஏற்றினேன். பேனா அசையவில்லை.

"பக்கத்துல ஸ்பீக்கர், மொபைல், கம்பி, இரும்பு... எதாவது உண்டோ, சார்?"

"ஒண்ணுமே இல்லை."

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"அப்ப மானிட்டர்தான் பிரச்சினை போல. டேப்லெட்டையும் பேனாவையும் எடுத்துட்டு கொஞ்சம் தள்ளிப் போங்க, சார்."

"டேப்லெட் வரும். பேனா வராது, மேடம்."

"அதெந்தா, சார்?"

"மேஜைக் காலில கட்டியிருக்கு."

"சார்... அந்தப் பேனாவுக்கு வயரே இல்லையே?"

"வயர் இல்லை. கயிறு."

சிரிக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். என் மனைவி கமலா முனிசிபல் ஆபீஸில் பிறப்புச் சான்றிதழ் கவுன்ட்டரில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த பேனாவை யாரோ கையெழுத்துப் போட வாங்கி, அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து ஆபீஸில் எல்லாப் பேனாவுக்கும் கயிறு. வீட்டிலும் கயிறு. டெலிபோன் பக்கத்துப் பேனா, காலண்டர் பக்கத்துப் பேனா... கேஸ் லைட்டர்கூடக் கட்டித்தான் கிடக்கிறது.

"நம்ம கவுன்ட்டருக்கு வர்ற ஆளுகளெல்லாம் நல்ல ஆளுகதாங்க. பேனா கைல கிட்டினா மட்டும் புத்தி மாறிடும்" என்று சொல்லிக்கொண்டே, வாங்கிய இரண்டாம் நாள் சாயங்காலம் என் புதுப் பேனாவையும் கட்டினாள். வழுவழுப்பில் கயிறு நிற்கவில்லை. விடுவாளா? பக்கத்து மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி வாங்கிவந்து, பேனா முனைக்குச் சற்று மேலே ஏழு சுற்றுச் சுற்றி, முறுக்கி, அதில் கயிற்றை முடிந்தாள். எங்கள் வீட்டில் பேனா கட்டியிருப்பதெல்லாம் ஒரு செய்தியா? எனக்குச் சொல்லவே தோன்றவில்லை.

இதையெல்லாம் ஷீஜாவிடம் ஒப்பித்தேன்.

"கம்பியோ! சார், பேனாவுக்குள்ள ஒரு சின்னக் கம்பிச் சுருள், காயில் உண்டு. அதுக்கு மேல நீங்க இன்னொரு காயில் சுத்தினா எப்படி வேலை செய்யும்? முதல்ல அதை அவிழ்த்துக் களைங்க!"

அவிழ்த்தேன். கோடு போட்டேன். மூக்கு மூக்கிலேயே நின்றது! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சென்னைக்காரர் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும்.

நன்றி சொல்லி வைக்கப் போனேன். ஷீஜா வைக்கவில்லை.

"சார்... அந்த துபாய் பேனா... பச்சை கலரா?"

"ஆமாம்."

"கோல்டன் கிளிப்பா?"

"ஆமாம்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான், மலையாளம் பறந்துவிட்டது. அப்புறம் மெல்லிய குரலில், சுத்தமான இங்கிலீஷில், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

நாலு நாள் கழித்து பெங்களூரிலிருந்து ஒரு கூரியர். உள்ளே பச்சைப் பேனா. கூடவே மலையாளத்தில் ஒரு சீட்டு: வேலையில் சேரச் சான்றிதழ் வாங்க வந்தபோது தெரியாமல் பைக்குள் போய்விட்டதாம். தயவுசெய்து கமலா சேச்சியிடம் சொல்ல வேண்டாமாம்.

எப்படிச் சொல்வேன்? என் படத்தைக் காப்பாற்றிக் கொடுத்த பெண் ஆயிற்றே! பேனா என் மேஜை டிராயரில், பழைய ரசீதுகளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அப்படியென்றால் இதைப் பத்திரிகையில் எழுதுகிற தைரியம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? கமலா பிறந்தது, படித்தது எல்லாம் இந்த மட்டாஞ்சேரியில். தமிழ் பேசுவாள், சண்டை போடுவாள்... ஆனால் படிப்பது மலையாளம் மட்டும்தான்.

பச்சைப் பேனாவை வரையலாம்தான். ஆனால் படம் பார்க்க எந்த மொழியும் வேண்டாமே — அதனால்தான் பூனை.