நசுங்கிய குழலும் பச்சை உருண்டையும்

காப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார்கள் அவளை டப்பா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பால்மாவு டப்பா, மூடி, மரக்கரண்டி என்று எது கிடைத்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, விளிம்பு கீறுமா என்று தன் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, அதன் பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுப்பாள். பதினெட்டு வருஷமாக இதே வேலை.

பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்த படிப்புதான் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஆறு மாதப் பிள்ளைக்கு வாய்தான் கண் என்பாள். எட்டு மாதத்தில் எதை எடுத்தாலும் தட்டிப் பார்க்கும். பத்து மாதத்தில் கீழே போடும், நாம் எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடும். அது குறும்பு இல்லை, போட்டது எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கிறது. ஒரு வயது தாண்டினால் ஒன்றுக்குள் ஒன்றைப் போட ஆரம்பிக்கும். அப்புறம் அடுக்கும், அடுக்கியதைத் தள்ளும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதைப் பார்த்துச் சாமானைக் கொடுக்க வேண்டும், கடையில் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து அல்ல. இதுதான் அவள் கண்ட பாடம்.

புதுச் சாமான் எது வந்தாலும் அவள் கைபட்டுத்தான் அலமாரிக்குப் போகும். அதற்கு அவளிடம் ஒரு கருவி இருந்தது. காகிதச் சுருள் தீர்ந்த பிறகு நடுவில் மிஞ்சும் அட்டைக் குழல். அதற்குள் நுழைந்து விழுகிற எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும் என்று, முன்பு ஊசி போட வந்த நர்சம்மா ஒருத்தி சொல்லிக் கொடுத்தது. மேலங்கியின் இடது பையில் அந்தக் குழல் எப்போதும் இருக்கும். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது, சாவி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அதையும் ஒரு தடவை தொட்டுக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை, யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்தது என்று ஒரு சுத்தியல் பெட்டி வந்தது. மேலே ஆறு ஓட்டைகள், ஆறு நிறத்தில் ஆறு மர உருண்டைகள். சின்ன மரச்சுத்தியலால் தட்டினால் உருண்டை உள்ளே விழுந்து, சரிவில் ஓடி, கீழே வாசல் வழியாக வெளியே வரும். தட்டினால் என்ன ஆகும் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நல்ல சாமான்தான்.

காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி அட்டையைப் படித்தார். "மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே அக்கா. நம்மகிட்ட இருக்கறது எல்லாம் ரெண்டுக்குக் கீழ."

டப்பா அக்கா குழலை எடுத்து ஒவ்வோர் உருண்டையாக வைத்துப் பார்த்தாள். ஆறும் வாயிலேயே நின்றன. "எழுதறவங்க எழுதுவாங்க மேடம். என் குழல்ல நிக்குது. பயமில்ல."

அந்த வார்த்தையைத்தான் பிற்பாடு அவள் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை நாலு மணிக்கு விளையாட்டுச் சாமான்களைக் கழுவி எண்ணிக்கொண்டிருந்தாள். தாய்மார்கள் வருவதற்கு முன் தினமும் நடக்கிற வேலை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, ஆரஞ்சு. பச்சை இல்லை.

முதலில் பதறவில்லை. பாயைத் தூக்கினாள். அலமாரிக்கு அடியில் துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவினாள். பின்பு ஒவ்வொரு பிள்ளையின் கையையும் விரித்து, கன்னத்தை அமுக்கி, வாயைத் திறந்து பார்த்தாள். எட்டுப் பிள்ளைகள், எட்டு வாய். ஒருவன் அவள் விரலைக் கடித்தான்.

"நிக்கற உருண்டைதானே. வாய்க்குள்ள போகாது," என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மனசு ஆறட்டும் என்று மஞ்சள் உருண்டையை எடுத்துக் குழலில் வைத்தாள். நின்றது. ஆனால் இப்போதுதான் அவள் கண் உருண்டையை விட்டுவிட்டுக் குழலைப் பார்த்தது. அது வட்டமாக இல்லை, வாத்து மூக்குபோலச் சப்பையாக இருந்தது. போன மாதம் முழுக்கக் காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றை இடது இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள். அந்தக் கனமெல்லாம் பையிலிருந்த அட்டை மேல் அமுங்கியிருக்கிறது.

இரண்டு விரலால் குழலை அழுத்தி மறுபடியும் வட்டமாக்கினாள். மஞ்சள் உருண்டை உள்ளே வழுக்கி, மறுபக்கம் அவள் மடியில் வந்து விழுந்தது.

"ஆண்டவா, என்ன காரியம் பண்ணிட்டேன்," என்றாள், சத்தம் வெளியே வராமல்.

எட்டு வாய் பார்த்தாயிற்று. ஒன்பதாவது வாய் இங்கே இல்லை.

ஒன்பதாவது பிள்ளை, குழாய் வேலை செய்கிறவரின் மகன், பதின்மூன்று மாதம். உண்டியல் என்று அவனுக்குப் பட்டம் வைத்ததே அவள்தான். எது கையில் கிடைத்தாலும் எதற்குள்ளாவது போடுவான். செருப்புக்குள் கரண்டி, வாளிக்குள் துண்டு. போட்டதை எடுப்பான், ஒரு தடவை வாயில் வைத்து ருசி பார்ப்பான், மறுபடியும் போடுவான். தடுப்பூசி போட வேண்டும் என்று அவன் அம்மா தையல் கம்பெனியில் சொல்லிக்கொண்டு முன்னாலேயே வந்து, கால் மணி நேரத்துக்கு முன்புதான் தூக்கிக்கொண்டு போனாள். அவள் மாற்றுத்துணி எடுத்து வைத்தபோது அவளுடைய பை தரையில் திறந்து கிடந்தது. பையின் பக்கத்தில் உண்டியல் உட்கார்ந்திருந்தான்.

பொறுப்பாளர் அம்மா போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"பைக்குள்ள இருந்தா பைக்குள்ளயே இருக்கட்டும் அக்கா. வீட்டுக்குப் போய் எடுத்து வெச்சுக்குவாங்க. நீங்க ஓடிப் போய்ச் சொன்னா நாளைக்கு ஒன்பது வீடும் பிள்ளைய அனுப்பாது."

"மேடம், அவன் போட்டதை எடுக்காம விடமாட்டான். பை அவங்க மடியில இருக்கும், அவனும் மடியில இருப்பான்." சொல்லிக்கொண்டே அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய பால்மாவு டப்பாவை எடுத்தாள். உண்டியலுக்கு உயிரான டப்பா. மூடியைக் கழற்றி மேலங்கிப் பையில் செருகினாள். "நீங்க கொஞ்சம் தரையில உக்காந்துக்குங்க. எட்டையும் பாத்துக்குங்க."

"நானா?" என்றார் பொறுப்பாளர் அம்மா. அதற்குள் பிள்ளை ஒன்று அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துவிட்டது.

அவன் அம்மா ஏறுகிற பஸ் நாலரைக்கு. நிறுத்தத்துக்கு நடந்தால் பத்து நிமிஷ வழி. டப்பா அக்கா ஓடினாள். ஐம்பதை நெருங்குகிற உடம்பு, முழங்காலில் வலி, காலில் காப்பகத்துக்குள் போடுகிற மெல்லிய செருப்பு. சைக்கிள் பழுது பார்க்கிற கடையில் குனிந்திருந்தவர், "என்னம்மா, நாய் துரத்துதா?" என்று கேட்டார். பதில் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை. இருந்த மூச்சை ஒரே வேண்டுதலாக்கி வைத்திருந்தாள்: பஸ் கொஞ்சம் பிந்தட்டும். அவள் வாழ்நாளில் பஸ் பிந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

திருப்பம் தாண்டியதும் நிறுத்தம் தெரிந்தது, சாலைக்கு அந்தப் பக்கம். இரும்பு பெஞ்சில் அவன் அம்மா கழுத்தை நீட்டி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் உண்டியல். அவன் முன்னால் பை, வாய் திறந்தபடி. கையை முழங்கைவரை உள்ளே விட்டிருந்தான்.

ஒரு கைக்குட்டை வந்தது. அதை மறுபடியும் உள்ளே போட்டான். பால் புட்டியின் மூடி வந்தது. அதையும் போட்டான். டப்பா அக்கா சாலை ஓரத்தில் நின்றாள். லாரி ஒன்று, அதன் பின்னால் வரிசையாக வண்டிகள். லாரி கடந்து போனபோது அவன் கையில் பச்சை இருந்தது.

கூப்பிட வாய் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் தாய் திடுக்கிடுவாள், தாய் திடுக்கிட்டால் பிள்ளை திடுக்கிடும். திடுக்கிடுகிற பிள்ளை வாயில் இருப்பதை மூச்சோடு உள்ளே இழுக்கும். பிடுங்கப் போனாலும் அப்படித்தான். பிடுங்க வருகிற கைக்கு முந்திக்கொண்டு வாய்க்குள் அடைத்துக்கொள்வான். எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள்.

வண்டிகள் விட்ட இடைவெளியில் சாலையைக் கடந்தாள். கடைசிப் பத்தடியை ஓடாமல் நடந்தாள்.

"என்னக்கா, நீங்களும் இந்த பஸ்ஸுக்கா?" என்றாள் அவன் அம்மா.

டப்பா அக்கா ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்தாள். பெஞ்சின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பச்சை உருண்டை அவன் கீழுதட்டில் இருந்தது, எச்சிலில் மின்னிக்கொண்டு.

தினமும் செய்கிறதுபோல டப்பாவின் பக்கத்தில் நகத்தால் இரண்டு தட்டு. டொக், டொக்.

உண்டியல் திரும்பினான். உருண்டை உதட்டிலேயே நின்றது.

"உண்டியல் சாமி எங்க?" என்றாள். "அக்கா போடறேன் பாரு." மேலங்கிப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து டப்பாவுக்குள் விட்டாள். டங். சாவியை எடுத்துவிட்டு, காலி டப்பாவை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். "இப்ப யாரு?"

அவன் டப்பாவின் அடியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, அவன் கண் அந்தப் பக்கம் ஓடியது. வாய் கொஞ்சம் திறந்தது, உருண்டை கொஞ்சம் உள்ளே போனது. டப்பா அக்கா அசையவில்லை. மறுபடியும் தட்டினாள். டொக், டொக்.

அவன் கையை வாயிலிருந்து எடுத்தான். உருண்டையும் கையோடு வந்தது. டப்பாவுக்கு மேலே கொண்டுவந்து, ஒரு நொடி நிறுத்தி, விரலை விரித்தான்.

டங்.

மறு நொடி அதை எடுக்கக் கையை விடப் போனான். அவள் மூடியைப் போட்டு அமுக்கினாள். உண்டியல் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். அவ்வளவு நல்ல அழுகையை அவள் கேட்டதே இல்லை. அவளும் அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடி அழுதாள்.

பஸ் வந்து நின்றது. டப்பா அக்கா எதையும் மறைக்கவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "இந்த உருண்டை தொண்டைக்குள்ள போற அளவு தங்கச்சி. அட்டையில மூணு வயசுன்னு எழுதியிருந்துச்சு, நான்தான் பயமில்லன்னு சொன்னேன். என் குழல் நசுங்கிக் கிடந்துச்சு, நான் பாக்கல. தப்பு என்னோடதுதான்."

அவன் அம்மா பையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் என் மடியிலயா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏறும்மா, ஏறு," என்றார் கண்டக்டர். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் உண்டியல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. "உருண்டைதான் கிடைச்சிருச்சே, அதோட விட்டிருக்கலாம்," என்றார் பொறுப்பாளர் அம்மா. சொன்னாரே தவிர, சுத்தியல் பெட்டியை அவரே தூக்கிப் பரண்மேல் வைத்தார். வைத்துவிட்டு, "எட்டு பேரும் சேர்ந்து என் கண்ணாடிக் காலை ஒடிச்சிட்டாங்க," என்று முணுமுணுத்தார். டப்பா அக்கா குழலை விரலால் வட்டமாகப் பிடித்துக்கொண்டு, அலமாரியிலிருந்த சாமான் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தாள். இன்னும் இரண்டு விழுந்தன. ராத்திரி படுத்தால் பச்சை உருண்டை உதட்டில் மின்னியது. பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் மன்னிக்க வேண்டியவள் வேறு இடத்தில் இருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

திங்கட்கிழமை காலையில், மேலங்கியை மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. இடுப்பில் உண்டியல். தொடையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த சின்ன வட்ட அடையாளம்.

அவன் அம்மா பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். விரல் நீளத்துக்கு அறுத்த கெட்டி பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையும் வழவழ என்று தேய்த்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் அறுத்துக் குடுத்தாரு. மேல ஏறி நின்னாலும் நசுங்காது."

டப்பா அக்கா பழைய குழலை வட்டமாக்கிப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். புதியது ஒரு நூல் அகலம் கூட. நல்லதுதான், இன்னும் நாலு சாமான் கூடுதலாக விழும். "தங்கச்சி..." என்று ஆரம்பித்தாள்.

"கோவம் போச்சான்னு கேக்காதீங்கக்கா. போகல." பிள்ளையை இறக்கிப் பாயில் விட்டாள். "ரெண்டு காப்பகம் போய்ப் பாத்தேன். ரெண்டு இடத்துலயும் எங்ககிட்ட தப்பே நடக்காதுன்னு சொன்னாங்க. அதான் இங்கயே வந்துட்டேன்."

உண்டியல் அதற்குள் குழாயைக் கைப்பற்றிவிட்டான். தன் காலுறையை உருவி அதற்குள் திணித்துத் தள்ளினான். அது மறுபக்கம் வழியாகப் பாயில் விழுந்தது. குழாய்க்குள் பார்த்தான், ஒன்றும் இல்லை. கீழே பார்த்தான், காலுறை. நெற்றியைச் சுருக்கினான். அடியில்லாத டப்பாவை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மறுபடியும் திணித்தான். இந்தத் தடவை குனிந்து, அந்தப் பக்கத்து வாயில் கண்ணை வைத்துக் காத்திருந்தான்.

தையல் கம்பெனியில் எட்டரைக்கு மணி அடிப்பார்கள். அவன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அது வெளியே வருகிறவரை நின்றாள்.