நாலு நாலு ரெண்டு நாலு

முத்தம்மாவிடம் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் இரண்டு இருந்தன. வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் அவை அலமாரியை விட்டு இறங்கும். மற்ற நாள்களில் அவளும் மகள் புனிதாவும் ஓரம் பெயர்ந்த எனாமல் தட்டுகளில் சாப்பிட்டார்கள். 1983இல் ஒரு சனிக்கிழமை மாலை, பத்துமலை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவன் முன்னால் வந்தது பூப்போட்ட தட்டு.

அவன் அந்த வீட்டுக்காரன்தான். முத்தம்மாவைக் கட்டி ஏழு வருஷம் ஆகிறது. அவள் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை என்பதுதான் அவனுக்கு உறைத்தது. கைப்பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு ரசத்தை இறக்கப் போய்விட்டாள். புனிதா அவனைப் பார்த்து, "அப்பா, நாளைக்கு எத்தன மணிக்குப் போவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

முத்தம்மா தாப்பா மருத்துவமனையில் அட்டெண்டர். அரசாங்க வேலை, குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், பிற்காலத்துக்குப் பென்ஷன். பத்துமலைக்கு சிம்பாங் பூலாயில் கல் குவாரி வேலை. கல்லுடைக்கும் இயந்திரத்தின் பெல்ட்டையும் பேரிங்கையும் பார்த்துக்கொள்வான். வாரநாளெல்லாம் குவாரியின் கொங்சியில், தகரக் கூரை போட்ட கொட்டகையில், மற்ற ஆட்களோடு படுக்கை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து, கம்பாரில் மாறி, தாப்பா வந்து சேர்வான். ஞாயிறு சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அவன் பிறந்த தோட்டம் பீடோர் பக்கம். எழுபதுகளில் அங்கே ரப்பரை வெட்டித் தள்ளிச் செம்பனை நட்டார்கள். பாதி ஆளுக்கு வேலை இல்லை என்றார்கள். அந்தப் பாதியில் அவனும் இருந்தான். ஈப்போவில் லாரி கழுவினான், டயர் கடையில் நின்றான், கடைசியில் குவாரியில் நிலைத்தான். முத்தம்மா ஒரு தடவை, "நா வேணும்னா வேலைய விட்டுட்டு அங்க வந்துடவா?" என்று கேட்டாள். குவாரி நினைத்தால் எந்த மாதமும் அவனை வேண்டாம் என்று சொல்லலாம். நிரந்தரமான வேலையை அவள் விட்டுவிட்டு வருவதற்கு அவன் மனசு ஒப்பவில்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

பூப்போட்ட தட்டைப் பார்த்த மறுவாரம் அவன் கொங்சியில் ஒருவனுடைய சின்ன மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கித் தாப்பா வரை ஓட்டிப் பார்த்தான். கோப்பெங் தாண்டியதும் மரம் ஏற்றிய லாரிகள் பக்கத்தில் போன காற்றிலேயே வண்டி ஒரு முழம் தள்ளிப் போனது. வந்து சேர்ந்தபோது கை இரண்டும் மரத்துப்போய், சோற்றைப் பிசையக்கூட வரவில்லை. தினம் போய் வர அது தாங்காது. இழுவை உள்ள பெரிய வண்டி வேண்டும்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்றை அவன் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான். ஈப்போவில் ஆ சோங் என்ற சீனரின் பழைய மோட்டார் கடை. அங்கே வாசலோரம் ஒரு சிவப்பு யமஹா, இருநூற்றைம்பது சிசி, இரட்டைக் குழாய், பந்தயத்துக்குப் போகிற மாதிரி முன்னால் தாழ்ந்த ஹேண்டில். பல மாதமாக அங்கேயே நின்றது. ஈப்போ போகும்போதெல்லாம் அவன் எதிர்ப்பக்கத்து நடைபாதையில்தான் நடப்பான். அங்கிருந்துதான் அது நன்றாகத் தெரியும். பாதி தேவை, பாதி ஆசை. எந்தப் பாதி பெரியது என்று முத்தம்மா கேட்கவில்லை. வார்டில் தோழிகளோடு போட்டிருந்த கூட்டுப் பணம் அடுத்த மாதம் தன் முறைக்கு வருகிறது என்று மட்டும் சொன்னாள்.

ஆ சோங் கடைக்குப் பக்கத்துக் கடை தாவூத்தின் சாப்பாட்டுக் கடை. பத்துமலைக்கு அங்கே பழைய பழக்கம். தாவூத் பழைய வண்டிகளை நம்புகிறவர் அல்ல. ஆ சோங் கடையிலேயே அதே மாதிரி வண்டி இன்னொன்று நிற்கிறது. இதைவிட ஒரு வருஷம் பழசு, சீட்டு கிழிசல். அதற்கு விலை இரண்டாயிரம் வெள்ளி. சிவப்பு வண்டிக்கு மட்டும் ஆயிரத்து முந்நூறு. ஏன்?

"விழுந்த வண்டியா இருக்கும் தம்பி. யாரையாச்சும் கொன்னுருக்கும். சாயம் அடிச்சு நிப்பாட்டியிருக்கான்."

கூட்டுப் பணம் கைக்கு வந்த வாரம் பத்துமலை அந்த வண்டியை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தான். விழுந்த வண்டி என்றால் முதலில் தரையைத் தொடுவது கால் மிதியின் நுனியும் ஹேண்டில் நுனியும்தான். இரண்டிலும் தேய்மானம் இல்லை. முன் சக்கரத்தை இரண்டு கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலை அசைத்தான், கோணல் இல்லை. டாங்கியின் அடியில் விரலை விட்டுத் தடவினான். பழைய சாயத்தின் மேல் புதுச் சாயம் ஏறின தடம் இல்லை. பின் சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல் மட்டும் கூராகத் தேய்ந்திருந்தது. அது மாற்றக்கூடிய சாமான். உதைத்துக் கிளப்பினான். இரண்டாவது உதையில் பிடித்தது. நீலப் புகை கக்கி, சூடேறியதும் புகை மெலிந்தது. அந்தச் சத்தத்தில் தாவூத் கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு ஏன் விலை குறைவு என்று பத்துமலை நேராகவே கேட்டான். ஆ சோங் ஒளிக்கவில்லை. நம்பர் பிளேட்டைக் காட்டினான். ஏகே 4424. சீனர்கள் பேசுகிற கண்டோனீஸ் மொழியில் நாலு என்று சொன்னால் சாவு என்று காதில் விழும். ரெண்டு என்றால் சுலபம். செத்தான் செத்தான் சுலபமாகச் செத்தான் என்று அந்த நம்பரே சொல்கிறதாம். விற்றுவிட்டுப் போனவர் சரவாக்குக்கு மாறிப் போன ஒரு மலாய் வாத்தியார். அவருக்கு அது வெறும் நம்பர். ஆனால் ரொக்கம் கொடுத்துப் பெரிய வண்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் சீனப் பையன்கள். அவர்களுடைய அம்மாமார் அதை வாசலில்கூட ஏற்றமாட்டார்கள். சீட்டு கிழிந்த வண்டியின் நம்பரில் எட்டு இருக்கிறது; எட்டு அவர்களுக்குச் செல்வம். அதனால் அதற்கு எழுநூறு வெள்ளி கூட.

பத்துமலை சீட்டு கிழிந்த வண்டியின் நம்பரைப் பார்த்தான். 2168. கூட்டினால் பதினேழு; ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு என்றால் நம்மவர்களுக்குச் சனி. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று அவன் தலையை ஆட்டியதை ஆ சோங் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம்தான் பத்துமலை அந்தத் தப்பைச் செய்தான். சிவப்பு வண்டியின் நம்பரையும் விரல் விட்டுக் கூட்டினான், வாய்விட்டு. நாலும் நாலும் எட்டு, ரெண்டும் பத்து, நாலும் பதினாலு. ஒன்றும் நாலும் அஞ்சு. அஞ்சு அவன் பிறந்த தேதிக்கு உகந்த எண். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

ஆ சோங் இருபது வருஷமாக ஈப்போவில் தமிழர்களுக்கும் வண்டி விற்கிறவன். விலை ஆயிரத்து ஐந்நூறு என்றான். பத்துமலை ஆயிரத்து முந்நூறு என்றுதானே சொன்னாய் என்று கேட்டதற்குத் தமிழிலேயே பதில் வந்தது.

"அது சைனா விலை. உங்காளுக்கு இது ஓங் நம்பர்லா. ஓங்குக்குக் காசு."

ஓங் என்றால் அதிர்ஷ்டம். தாவூத் தலையில் கை வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டாதே என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லியிருந்தார். "உனக்கு வாய்லதான் கணக்கு வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை பத்துமலை நடந்ததை முத்தம்மாவிடம் சொன்னான். கூட்டுப் பணத்தில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஒரு காசு தேறாது. இந்த வண்டி போனால் இந்த விலையில் இப்படி ஒன்று மறுபடி வராது. வாரம் ஒரு தடவை வந்து பூப்போட்ட தட்டில் சாப்பிட்டுப் போக வேண்டியதுதான். கடைசி வாக்கியத்தை அவன் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முத்தம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "நம்பர் முழுசா சொல்லுங்க."

"நாலு நாலு ரெண்டு நாலு."

"முன்னால எழுத்து இருக்கும்ல?"

"ஏ, கே."

அவள் இன்னொரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு, நாளைக்குத் தானும் ஈப்போவுக்கு வருவதாகவும் புனிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடலாம் என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆ சோங் அரை நாள் கடை திறப்பான். முத்தம்மா சேலை கட்டி, பெரிய துணிப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சீட்டை அழுத்திப் பார்த்தாள். விலை கேட்டாள். ஆ சோங் ஆயிரத்து ஐந்நூறு என்றான். அவள் பிளேட்டின் முன்னால் குனிந்து, அவனுக்கும் புரியட்டும் என்று மலாயில் எண்ண ஆரம்பித்தாள். ஏ என்ற எழுத்துக்கு ஒன்று. கே என்ற எழுத்துக்கு ரெண்டு. மூன்று ஆயிற்று. அப்புறம் நாலு, நாலு, ரெண்டு, நாலு. பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

நிமிர்ந்து புருஷனைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "எழுத்தக் கூட்டாம விட்டுட்டீங்களா?"

பத்துமலைக்கு எழுத்துக்கு எண் உண்டு என்பதே தெரியாது. புனிதாவுக்குப் பெயர் வைத்தபோது முத்தம்மாதான் கம்பாரில் எண் பார்க்கிறவரிடம் போய்வந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன எண் என்று அவள் கற்றுக்கொண்டது அங்கேதான். அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனது. அந்த முகத்தை யாரும் நடித்துக் காட்ட முடியாது. ஆ சோங் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு நல்ல நம்பர்தானே என்று அவன் சொல்லிப் பார்த்தான். உங்களுக்கு நல்லது, ஆனால் உங்களவர்கள் இதை நாலுக்காக வாங்கமாட்டார்கள், எங்களவர்கள் எட்டுக்காக வாங்கமாட்டார்கள் என்றாள் முத்தம்மா. குரலை உயர்த்தவில்லை. வார்டில் நோயாளிக்கு மாத்திரை நேரம் சொல்கிற குரல். வாத்தியார் யாராவது மறுபடி வந்தால் விற்றுக்கொள்ளலாம் என்று பையைத் தோளில் ஏற்றினாள். பத்துமலை உண்மையாகவே போய்விடலாம் என்று திரும்பினான்.

ஆ சோங் முதலில் பழைய விலைக்கு வந்தான். பிறகு ஆயிரத்து இருநூறு. பல் தேய்ந்துபோன சாமானைக் காட்டி முத்தம்மா இன்னும் ஐம்பது குறைத்தாள். இரண்டு ஹெல்மெட்டும் வேண்டும் என்றாள். அவன் உள்ளே போய் இரண்டை எடுத்துவந்து தூசி தட்டிக் கொடுத்தான். பெயர் மாற்றும் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். "உன் பொண்டாட்டிய இனிமே கூட்டிட்டு வராத" என்று பத்துமலையிடம் சொல்லிச் சிரித்தான். பணம் கைமாறியது.

பத்துமலை சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நின்றான். முத்தம்மா தாவூத் கடையின் பின்கட்டுக்குப் போய்வந்தாள். போகும்போது சேலை, வரும்போது புருஷனுடைய பழைய கறுப்புக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும். காலையில் தாப்பாவிலிருந்து கிளம்பும்போதே பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் தாவூத்துக்கு விஷயம் விளங்கியது. தேத்தண்ணி காசு வேண்டாம் என்றார்.

அவள் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். தேய்ந்துபோன பல்லுக்குப் பயந்து பத்துமலை மெதுவாகவே ஓட்டினான். சிம்பாங் பூலாய் தாண்டி, கோப்பெங்குக்கு முன்னால் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"முத்து, நெசமாவே எட்டா?"

"எட்டுதான்."

"தெரிஞ்சேவா வாங்குன?"

முத்தம்மா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் அதன் விளிம்பு பதிந்திருந்தது.

"ஏழு வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை வர்ற மனுசனோட குடித்தனம் பண்ணிட்டேன். இதுக்கு மேல புதுசா என்னா சனி வரப்போவுது? போலாம், புள்ள தேடும்."

இருந்தாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கோயிலில் வண்டிச் சாவிக்கு ஒரு அர்ச்சனை செய்துகொண்டாள். பெட்ரோல் டாங்கி மூடியில் குங்குமம் வைத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டி வாங்கிய மறுநாள், திங்கட்கிழமையே, பத்துமலை வேலை முடிந்ததும் கொங்சியில் தங்கவில்லை. பாயைச் சுருட்டி சீட்டின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினான். இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டது. பின்னால் வந்த வருஷங்களில் மழைக்கு எத்தனையோ நாள் நனைந்து வந்தான்; ஒரு தடவை கம்பார் பக்கம் சங்கிலி அறுந்து, யாரோ லாரியில் வண்டியை ஏற்றி வந்து இறக்கினார்கள். புனிதா பள்ளிக்கூடம் போகிற வயதில் டாங்கியின் மேல் உட்கார்ந்து தெருமுனையிலிருந்து வாசல் வரை வருவாள். வண்டியின் சிவப்பு வெளுத்து ஆரஞ்சு மாதிரி ஆனது. நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது.

அந்த முதல் திங்கட்கிழமை அவன் கை கழுவிவிட்டு வந்தான். எத்தனை தேய்த்தும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் வாடை விரலில் இருந்தது. உட்கார்ந்ததும் முன்னால் எனாமல் தட்டு வந்தது. வீட்டில் எனாமல் தட்டும் இரண்டுதான்.

"அது என் தட்டு" என்றாள் புனிதா.

"அப்பாவுக்குக் குடு. சம்பளம் வந்ததும் இன்னொண்ணு வாங்கலாம்."

புனிதாவுக்குப் பூப்போட்ட தட்டு கிடைத்தது. அவள் ஒரு பக்கமாக மட்டும் சோற்றை ஒதுக்கி, அடியில் இருந்த பூவைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள்.