ஓரத்து இருக்கை

பேச வாயெடுக்கும் முன் கைரியா வெளிச்சத்துக்கு வந்து நிற்பாள். கணவர் ஹுஸைன் உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வார். ஆறு வருஷத்துக்கு முந்திய காய்ச்சலொன்று அவருடைய காதுகளைக் கொண்டுபோய்விட்டது. தன் சத்தம் தனக்கே கேட்காததால் பேச்சையும் விட்டுவிட்டார்.

கம்பளையில் அவர்களுக்கு ஒரு செருப்புக் கடை. வருகிறவர்கள் கேட்பதை அவருக்கும், அவர் விரலால் காட்டுவதை வருகிறவர்களுக்கும் எடுத்துச் சொல்வது கைரியாதான். நாள் முழுக்கப் பேசுகிறாள். அதில் அவளுடைய பேச்சென்று ஒன்றுமில்லை. வானொலியில் யாராவது ஸலாம் சொன்னால், அடுப்படியிலிருந்து வாய்விட்டுப் பதில் சொல்வாள்.

போன மாதம் கட்டாரில் இருக்கும் மகனிடம் புறப்பட்டார்கள். விமான நிலையச் சோதனையில், நிற்கச் சொன்னது கேட்காமல் ஹுஸைன் நடந்துபோக, காவலர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். "இவருக்குக் காது கேக்காது மாத்தயா!" என்று கைரியா கத்தினாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. ஹுஸைன் தலையைக் குனிந்துகொண்டார்.

விமானத்தில் அவரை நடைவழி ஓரத்தில் இருத்தி, அவள் நடுவில் இருந்தாள். யன்னல் பக்கம் நாவலப்பிட்டியிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் யசோதா.

"எங்க போறீங்கம்மா?" என்று அவள் கேட்டதுதான். கைரியா அந்தப் பக்கமே திரும்பிவிட்டாள். முழங்கால் வலி, கடைக்குள் வெள்ளம் வந்த வருஷம், மருமகளோடு போனில் பேச ஒன்றும் கிடைக்காமல் போவது, எல்லாம் வந்தன.

"வீட்டுல மனுஷர் ஈக்கிறாரு புள்ள. பேச்சுத்தான் இல்ல."

சாப்பாட்டுத் தட்டைக்கூட அரைகுறையாகத் திரும்பித்தான் வாங்கினாள்.

சாப்பிட்டு முடித்த பிறகே கணவரைப் பார்த்தாள். அவர் முன்னால் ஒன்றுமில்லை. பணிப்பெண் கேட்டது விளங்காமல், வேண்டாமென்று தலையாட்டியிருக்கிறார். சீனி வருத்தக்காரர், காலையில் நீரிழிவு மருந்து போட்டவர். நெற்றி வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின.

"ஜூஸ் ஒண்டு குடுங்க! சுறுக்கா!"

பணிப்பெண் ஓடிவந்தாள். யசோதா தான் மிச்சம் வைத்திருந்த கேக்கை நீட்டினாள். கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றது.

கைரியா அவருக்கு முகத்தைக் காட்டி, "என்னத் தட்டிக் கூப்பிட்டா என்ன?" என்றாள்.

அவர் விரலால் யசோதாவைக் காட்டி, பிறகு கைரியாவின் வாயைக் காட்டினார். அவள் நேராக உட்கார்ந்து, ஷால் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். யசோதா ஏதோ கேட்டும் திரும்பவில்லை.

ஹுஸைன் அவள் தோளைப் பிடித்து, யசோதாவின் பக்கமாக மெல்லத் திருப்பிவிட்டார்.