சம்மதிக்காத வீடு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக் கதவில் போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் சாக்பீஸால் 'எக்ஸ்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் மருந்து குடித்தாயிற்று என்றால் 'பி', இல்லையென்றால் 'எக்ஸ்'. அந்தக் கட்டடத்தில் எங்கள் கதவில் மட்டும்தான் எக்ஸ். பரீட்சையில் தப்புக் குறியே வாங்காத எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

அப்பாவுக்குத் துறைமுக உத்தியோகம். தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகி ஆளாகியே வங்காளி பேசக் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்த வங்காளி 'ஜொல்', 'கொத்தோ' இரண்டுதான். ஒன்று தண்ணீர், மற்றது எவ்வளவு என்று விலை கேட்பது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு யாரிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்? நாங்கள் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் கீழ்வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். அத்தோடு சரி.

மருந்துக்காரப் பெண்கள் முதல் நாள் வந்து என்னவோ கேட்க, ஒன்றும் புரியாமல் அம்மா கதவைச் சாத்திவிட்டாள். எக்ஸ் வந்தது அப்படித்தான். ஆனால் எக்ஸ் போட்ட வீட்டை அரசாங்கம் லேசில் விடாது. வதந்தியை நம்பிப் பயந்தவர்கள் என்று பட்டியலில் சேர்த்து, அவரவர் பாஷையிலேயே பேசிப் புரியவைக்க ஆள் அனுப்பும். எங்களுக்கு வந்தவர் லேக் மார்க்கெட் பக்கம் முப்பது வருஷமாகக் குடியிருந்த ஒரு தமிழம்மா.

"எக்கா, தமிழாக்கா நீங்க? உள்ள வாங்க," என்றாள் அம்மா. அரை மணி நேரத்துக்கு மருந்துப் பேச்சே எழவில்லை. நல்ல முருங்கைக்காய் எந்தக் கடையில், தோசைக்கு எந்த அரிசி என்றே போனது. கிளம்பும்போதுதான் அவர், இரண்டு வயதுத் தம்பிக்கு நாளை மருந்தோடு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"சளியா இருக்கான் எக்கா. குடுக்கலாமா?"

"தாராளமா குடுக்கலாம்மா."

"அவுகள ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன். நீங்க வியாழக்கெழம வாங்களேன்."

வந்தார். வியாழக்கிழமைக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. அடுத்த வாரத்துக்கு இன்னொன்று. கையிருப்புச் சந்தேகங்கள் தீர்ந்துபோக, அம்மா என்னைப் பிடித்தாள். "ஏட்டி, அந்த மருந்தப் பத்தித் தெருவுல வேற என்ன சொல்லுதாங்க?" நானும் சிரத்தையாக விசாரித்து வந்து, அதைக் குடித்த பையன்களுக்குப் பின்னால் குழந்தையே பிறக்காதாம் என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று.

அதையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அத்தனையும் புரளிம்மா. என் பேரன் பேத்திங்க ஒவ்வொரு தடவையும் குடிச்சவங்கதான். ஒண்ணும் ஆகாது." அம்மா தலையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டு வடையைத் தட்டில் வைத்தாள். இவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி உண்டா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பயந்தவள் எதற்கு வடை சுடுகிறாள் என்று தோன்றவில்லை.

பள்ளிக்கூடச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். இரும்புப் பட்டை கட்டிய காலோடு ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அவன் என் தம்பி ஜாடையில் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. அடுத்த சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமை, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் தெருமுனை இளைஞர் கிளப்புக்கு ஓடினேன். இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைத்து அனுப்பினார்கள்.

அந்த விரலை அம்மாவின் முன்னால் நீட்டிக் காட்டினேன். அவள் திட்டவில்லை. "யாரு ஒன்னியக் கூட்டிட்டுப் போவச் சொன்னா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் பெரிய மனுஷியாட்டம் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணும் ஆவாதும்மா, அத்தனையும் புரளி," என்று தேற்றினேன்.

பல வருஷம் கழித்துப் பழைய காகிதங்களைப் புரட்டும்போது தம்பியின் தடுப்பூசி அட்டை கிடைத்தது. தூத்துக்குடியில் கொடுத்தது. ஊசி, சொட்டு மருந்து எல்லாமே ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கூட்டிப்போனவள் அம்மாதான். மருந்துக்கு அவள் என்றைக்கும் பயந்ததில்லை. பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதைத்தான் நான் கெடுத்து வைத்தேன்.

நான் தம்பிக்கு மருந்து கொடுத்து வந்த மறுநாள் அந்தத் தமிழம்மா வந்தார். மை வைத்த விரலைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். என் கன்னத்தைக் கிள்ளினார். வாசலில் நின்றபடியே தாளில் என்னவோ எழுதிக்கொண்டு, "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லம்மா. எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி," என்று கிளம்பிவிட்டார்.

"எக்கா, சும்மா வரலாம்லா?" என்றாள் அம்மா.

"வரேம்மா," என்று கீழ்ப்படியிலிருந்து பதில் வந்தது. பிறகு தெருக்கதவு சாத்தும் சத்தம். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தும்மா, கொசு வருகிறது என்றேன் நான்.